எமிமாள் டீச்சரின் பொறுமை

எமிமாள் டீச்சருக்குக் கோபமே வராது என்று அந்த மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். அது உண்மையில்லை. எல்லோருக்கும் வருகிற மாதிரி அவளுக்கும் வரும். அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சை அடைத்து, தொண்டைவரை ஏறும். ஆனால் அங்கேயே நின்றுவிடும். எப்படி நிற்கிறது என்று அவளுக்கே தெரியாது. இத்தனை வருஷமாக நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள், அதை ஒரு திறமையாக ஒருநாளும் நினைத்ததில்லை. முகத்தில் மூக்கு இருக்கிற மாதிரி அவளிடம் பொறுமை இருந்தது, அவ்வளவுதான்.

அது திறமைதான் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஆசிரியர் பயிற்சி மையத்துக்காரர்கள்.

அந்த வருஷம் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு வாத்தியார் அறைந்ததில் ஒரு பையனுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. தூத்துக்குடி முழுக்க அதே பேச்சு. ஆசிரியர்களை மண்டபத்தில் உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, குழந்தைகளை அடிக்கக் கூடாது என்று திரையில் படம் காட்டி அனுப்புகிற பழைய பயிற்சியால் இனிப் பலனில்லை என்று மேலே முடிவு செய்தார்கள். சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தை அழைத்து வந்தார்கள்.

நிறுவனத்தின் சார்பில் வந்த பெண்ணுக்கு யாழிசை என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. பயிற்சி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் குணசீலன் அவளைத் தலைமையாசிரியர் தளவாயின் அறைக்குக் கூட்டிவந்து, எமிமாளை வரச் சொன்னார்.

"ஒருத்தருக்குக் கோபம் வர்றதுக்கும் கையை ஓங்குறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு டீச்சர்," என்றாள் யாழிசை. "நிறைய பேருக்கு அது கண் சிமிட்டுற நேரம்கூட இல்ல. உங்களுக்கு அது ரொம்பப் பெருசா இருக்கு. அந்த நேரத்துல உங்க மூளை என்ன செய்யுதுன்னு நாங்க பதிவு பண்ணிக்கிறோம். அதே பதிவை இன்னொரு டீச்சர் தலைக்குள்ள பத்து நாள் ஓடவிட்டுப் பழக்கினா, அவங்களுக்கும் அந்த இடைவெளி வந்துடும்."

"எனக்குக் குறைஞ்சு போயிருமா?"

"பாட்டை ரெக்கார்டு பண்ணா பாடுறவங்க குரல் குறையுமா?"

தளவாய் சார் பெரிதாகச் சிரித்தார். "ஒத்துக்கிடுங்க டீச்சர். நம்ம ஸ்கூலுக்குல்ல பெருமை."

எமிமாளுக்குப் பெருமையெல்லாம் பெரிதாகப் படவில்லை. காது போன அந்தப் பையனைப் பற்றித்தான் யோசித்தாள். அறைந்த வாத்தியாருக்குத் தன்னிடம் இருப்பதில் ஒரு சொட்டு இருந்திருந்தால் போதுமே என்று தோன்றியது. சரி என்று தலையாட்டினாள்.

சனிக்கிழமைதோறும் மையத்துக்குப் போனாள். ஒரு நாற்காலி, தலையில் கொசுவலை மாதிரி ஒரு தொப்பி, எதிரே சுவர் முழுக்க ஒரு வகுப்பறை. அதில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் இயந்திரம் உண்டாக்கிய பிள்ளைகள். பேசினார்கள், சண்டை போட்டார்கள், பென்சிலை ஒளித்து வைத்தார்கள், கணக்கைத் தப்புத் தப்பாகச் சொன்னார்கள். எமிமாள் அவர்களோடு சந்தோஷமாக இருந்தாள். வீட்டுக்கு வந்து கணவர் தேவசகாயத்திடம், "உசிரில்லாத பிள்ளைகன்னே தோணல, அவ்வளவு சேட்டை" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் யாழிசை சிரிக்கவில்லை. ஒருநாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், உங்களுக்குக் கோபமே வரல."

"வரலன்னா நல்லதுதானம்மா?"

"பதிவுக்கு நல்லதில்ல. கோபம் வரணும், வந்து அதை நீங்க நிறுத்தணும். அப்பத்தான் நிறுத்துறது எப்படின்னு மெஷினுக்குத் தெரியும். நாங்க செஞ்ச பிள்ளைங்க யாரும் உங்களுக்குப் பத்தல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "உங்க க்ளாஸ்ல உங்களை ரொம்பச் சோதிக்கிற பிள்ளை யாரு?"

எமிமாள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "முத்துப்பேச்சி."

முத்துப்பேச்சி உப்பளத்தில் வேலை செய்யும் சண்முகக்கனியின் மகள். ஒல்லியான பெண், பெரிய கண். நாம் எதைச் சொன்னாலும் அதன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வாள். அது மட்டும்தான் சொல்வாள். "பேரு என்ன?" என்றால் "என்ன". "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா". மற்ற ஆசிரியர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு எரிச்சல்பட்டார்கள், பிறகு அவளைக் கடைசி பெஞ்சில் விட்டுவிட்டார்கள். எமிமாள்தான் அவளை முன்னால் கொண்டுவந்தாள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பேச்சி கடைசி வார்த்தையைச் சொல்வாள். எமிமாள் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டபடி இன்னும் காத்திருப்பாள். வகுப்பே நெளியும். அப்புறம் எங்கோ ஆழத்திலிருந்து வாளியில் தண்ணீர் ஏறி வருகிற மாதிரி ஒரு பதில் வரும். சில நாள் வராது. அந்த வருஷம் பேச்சி ஒற்றை இலக்கக் கூட்டல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

யாழிசையின் ஆட்கள் ஒரு வாரம் வகுப்பில் கேமரா வைத்தார்கள். தளவாய் சார் பேச்சியின் அம்மா சண்முகக்கனியைக் கூப்பிட்டு, பிள்ளையைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அவள் என்ன படம் என்று கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேச்சி பவுடர் பூசி, புது ரிப்பன் கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த முறை மையத்துக்குப் போனபோது சுவரில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். அதே ரிப்பன். அதே கண்.

"ஏழையும் எட்டையும் கூட்டும்மா."

"கூட்டும்மா," என்றது அது.

எமிமாள் காத்திருந்தாள். தனக்குப் பழகியதுதானே என்று நினைத்தாள். நெடுநேரம் கழித்து அது வாயைத் திறந்து, "பதினஞ்..." என்று தொடங்கிவிட்டு, நிறுத்தி, "கூட்டும்மா" என்றது. மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் பதினஞ்சுவரை வந்து, திரும்பி ஓடியது. மதியம்வரை அதுவே நடந்தது. எமிமாளுக்குத் தொண்டைவரை ஏறியது, நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் யாழிசை கைதட்டினாள்.

"சூப்பர் டீச்சர்! இதுதான், இதுதான்!"

அதன்பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். சுவரில் இருந்த பேச்சி நோட்டைக் கிழித்தது. எச்சில் துப்பியது. எமிமாள் பேசி முடிப்பதற்குள்ளேயே அவள் குரலில் அவள் வார்த்தையைச் சொன்னது. ஒருநாள் பதிலைச் சொல்லாமல் உதட்டோரத்தில் சிரித்தது. எல்லாம் தெரிந்துகொண்டே விளையாடுகிற சிரிப்பு.

"பேச்சி இப்படிச் சிரிக்க மாட்டா," என்றாள் எமிமாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இது பேச்சி இல்லையே டீச்சர். அந்தச் சிரிப்பு நான் வச்சது. வச்ச பிறகு ரீடிங் எவ்வளவு அருமையா வந்திருக்கு தெரியுமா?"

"வேண்டாம்மா. அத எடுத்திரு."

"இன்னும் கொஞ்ச நாள்தான் டீச்சர்."

பயிற்சி பலித்தது. அதில் பொய்யில்லை. மாவட்டம் முழுக்க ஆசிரியர்கள் பத்துப் பத்து நாளாக மையத்துக்குப் போய்த் தொப்பி மாட்டிக்கொண்டு வந்தார்கள். பிரம்பு காணாமல் போனது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் தேடி வந்து, பள்ளிக்கூட வாசலிலேயே எமிமாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பொங்கலுக்கு அப்புறம் ஒரு பிள்ளையத் தொடல டீச்சர். என் பொண்டாட்டியக்கூட ஏசல. கோவம் வருது, உள்ள யாரோ நின்னு புடிச்சுக்கிடுதாங்க. அது நீங்கதான்னு சொன்னாங்க."

அவர் போன பிறகு எமிமாள் வகுப்புக்குள் வந்தாள். முதல் பெஞ்சில் பேச்சி இருந்தாள். அவளைப் பார்த்ததும் தொண்டையில் ஏதோ ஏறியது. பிள்ளை இன்னும் எதுவும் பேசவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அதற்கே ஏறியது. எமிமாள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் பேச்சியை மூன்றாவது பெஞ்சுக்கு மாற்றினாள்.

"என்னால இனி முடியாது சார்," என்று குணசீலனிடம் சொன்னாள். "ஒரு மாசமாவது விடுங்க."

"மத்த மாவட்டத்துக்கெல்லாம் கேக்காங்க டீச்சர். இப்ப போய் நிறுத்தச் சொல்லுதீங்களே?" மேசையைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்றார். "ஒங்க ஒருத்தர் கஷ்டம். அங்க எத்தனை பிள்ளைக அடி வாங்காம இருக்கு, அதப் பாருங்க."

அந்தக் கணக்கை எமிமாளால் மறுக்க முடியவில்லை. போனாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. கழித்தல் பாடம். பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டே வந்தாள். பேச்சியைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தாள். அப்படித் தாண்ட ஆரம்பித்திருந்ததும் அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. நின்றாள்.

"பேச்சி. பன்னெண்டுல அஞ்சு போனா?"

"போனா," என்றாள் பேச்சி.

எமிமாள் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள். பேச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சியின் உதட்டோரம் மெல்ல விரிந்தது. கண்ணில் ஒரு குறும்பு வந்தது.

"டீச்சருக்குத் தெரியாதா?" என்றாள்.

அந்தப் பெண் பிறந்ததிலிருந்து யாரும் சொல்லித் தராமல், யாருடைய வார்த்தையையும் எடுத்துக்கொள்ளாமல், அவளாகவே சொன்ன முதல் வாக்கியம் அது. அவளுடைய முதல் வேடிக்கை. வகுப்பில் இரண்டு மூன்று பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

எமிமாள் அறைந்தாள்.

நடுவில் எதுவும் நிற்கவில்லை. கை போனது அவளுக்கே தெரியவில்லை; சத்தம்தான் தெரிந்தது. பேச்சி பெஞ்சின் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் அழவில்லை. அழத்தான் வேண்டுமா என்று கேட்பதுபோல் எமிமாளின் முகத்தைப் பார்த்தாள். எமிமாள் அவளை வாரி எடுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா" என்று அரற்றிக்கொண்டே ஆட்டோவுக்கு ஓடினாள். ஒருமுறையாவது "ஒண்ணுமில்லம்மா" என்று அந்தப் பிள்ளை திருப்பிச் சொல்லும் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை.

புருவத்தில் தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் வைத்து எமிமாள் சண்முகக்கனியின் காலில் விழப்போனாள். அவள் விலகிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புது விதியின்படி, அடித்த ஆசிரியரை முதலில் மையத்துக்கு அனுப்பி அளந்து பார்ப்பார்கள். பொறுமை குறைவென்றால் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். போன மாதம் ஒரு பையனின் விரலை ஒடித்தவர்கூடப் பத்து நாள் தொப்பி மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். எனக்கும் அதைக் கொடுத்துவிடுவார்கள், என்னுடையதை எனக்கே கொஞ்சம் ஊற்றிவிடுவார்கள் என்று எமிமாள் நம்பிப் போனாள்.

மையத்தின் கூடத்தில் அன்று புதிதாகப் பயிற்சி முடித்த ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவைத் தள்ளிய சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். ஆணும் பெண்ணும், கிழவரும் இளையவரும், அத்தனை பேரும் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, மூக்கால் ஒரு நீண்ட மூச்சை விட்டபடி பார்த்தார்கள். எமிமாளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் அது தன்னுடைய சாய்வு, தன்னுடைய மூச்சு என்று உறைத்தது. கல்யாண வீடியோவில் தன்னைப் பார்க்கிற கூச்சம் வந்தது.

தொப்பியை மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கழற்றினார்கள். குணசீலன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நூத்துக்கு நூறு காட்டுது டீச்சர்."

"அது எப்படி சார்? நான் பிள்ளைய அடிச்சிருக்கேன்."

"அதான் எனக்கும் புரியல. பொறுமை இல்லாம அடிச்சா, பாவம், பயிற்சி கொடுக்கலாம். இவ்வளவு பொறுமையையும் வச்சுக்கிட்டு ஒருத்தர் அடிச்சிருக்காருன்னா..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. விசாரணைக் குழு முடித்தது. தெரிந்தே, வேண்டுமென்றே, நிதானத்தோடு செய்த செயல் என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கியது.

யாழிசை வெளியே வராந்தாவில் அவளிடம் வந்தாள். முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். "மெஷின் உங்களை அளக்கல டீச்சர். தொப்பியை உங்க தலையில மாட்டினதும் மூலப்பதிவு உங்களோடதுன்னு தெரிஞ்சுக்கும். பழைய பதிவை எடுத்துக் காட்டிடும். அளவுகோலே நீங்கதான். உங்களை எதை வச்சு அளக்கறது?"

"அதை உள்ள போய்ச் சொல்லும்மா."

யாழிசை மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லும்மா. எனக்கு வேலை வேண்டாம். நான் வேணும்னு அடிச்சேன்னு எழுதியிருக்காங்க. அந்தப் பிள்ளையோட அம்மா அதப் படிப்பா."

"சொன்னா, பொறுமை தீர்ந்துபோகும்னு நாங்க ஒத்துக்கணும் டீச்சர்," என்றாள் யாழிசை. "மத்த மாவட்டமும் சேர்த்து நாற்பதாயிரம் பேர் தலைக்குள்ள அது இருக்கு."

எமிமாள் அவளைப் பார்த்தாள். திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணும் தலையை இடப்பக்கம் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு, என்ன சொன்னாலும் கேட்கத் தயாராக நின்றாள். அவளும் பயிற்சி எடுத்திருக்கிறாள். எமிமாள் படியிறங்கி நடந்தாள்.

அடுத்த ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறந்து சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம் சண்முகக்கனி வீட்டுக்கு வந்தாள். காலில் உப்பு பூத்திருந்தது. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். தேவசகாயம் கதவைத் திறந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டார். எமிமாள் எழுந்து நின்றாள். ஏசட்டும், காறித் துப்பட்டும் என்று நின்றாள்.

"ஒங்கள ஏச வரல," என்றாள் சண்முகக்கனி.

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. "முன்னெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள்னா, நீங்க கடைசியாச் சொன்னதச் சொல்லிக்கிட்டே இருப்பா. அத வச்சுத்தான் அன்னைக்கு என்ன பாடம்னு எனக்குத் தெரியும். இப்ப ஒண்ணுமே சொல்லுததில்ல. நான் பேசினாக்கூட."

எமிமாளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அந்த ஸ்கூலு வேண்டாம்னு வேற ஸ்கூல்ல சேத்தேன். அங்க உள்ள டீச்சர் தங்கமானவ. ஒரு சொல்லு ஏசல. கேள்வி கேட்டுட்டு, இப்படி," சண்முகக்கனி தலையை இடப்பக்கம் சாய்த்து, மூச்சை விட்டுக் காட்டினாள், "இப்படிக் காத்துக்கிட்டு நின்னுருக்கா. இவ ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டு பெஞ்சுலயே மோண்டுட்டா. சரின்னு இன்னொரு ஸ்கூலு. அங்கயும் அப்படித்தான். சிஸ்டர்மாரு ஸ்கூல்லயும் கேட்டுப் பாத்தேன். அங்க ஒரு வயசான சிஸ்டர், அவுங்களும் அதே மாதிரி தலையச் சாய்க்காங்க." எமிமாளை நேராகப் பார்த்தாள். "எங்க கொண்டுபோய் விட்டாலும் நீங்கதான் நிக்குதீங்க டீச்சர்."

தெருவில் லாரி ஒன்று போனது.

"அந்தப் பயிற்சி எடுக்காத வாத்தியாரு யாராவது இருக்காங்களா?" என்றாள் சண்முகக்கனி. "ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

எமிமாள் யோசித்தாள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றிலும் எடுத்தாகிவிட்டது. பயிற்சிக்கு யாரும் கூப்பிடாத ஆள் யார் என்று தேடியபோது ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

"ஹார்பர் லைனுக்குப் பின்னால தானியேல்னு ஒருத்தரு ட்யூஷன் எடுக்காரு. டீச்சர் ட்ரெயினிங்கே படிக்காதவரு. அதனால அவரக் கூப்பிடல."

"நல்ல மனுசனா?"

எமிமாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்லம்மா. கம்பு வச்சிருப்பாரு. அடிப்பாரு."

சண்முகக்கனி திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள்.

"ஆனா அடிக்க முன்ன சத்தம் போடுவாரு. மூஞ்சி செவந்துரும், நரம்பெல்லாம் பொடைக்கும். தெருமுனை வரைக்கும் கேக்கும். அடி வரப் போகுதுன்னு பிள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்."

சண்முகக்கனி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அது போதும் டீச்சர்," என்றாள். "எப்படிப் போகணும்?"

இடத்தைக் காட்டுவதற்காக எமிமாள் அவளோடு வாசலுக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், வெயிலில், பேச்சி தனியாக நின்றிருந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். எமிமாளைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எமிமாள் மறுபடி உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு வழி சொன்னாள்.